கொச்சங்காடியில் ஒரு கையெழுத்து

பந்தயக் கார் மெக்கானிக் என்றால் துணிச்சல்காரனாக இருப்பான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் லிஃப்டில் ஏறினால் கைப்பிடியை விடாதவன். விமானம் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிடுவேன். கொச்சியில் இறங்கியபோது ஆறாவது சாமிக்கு வந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் முதல் தடவையாகப் பறக்கிறீர்களா என்று மலையாளத்தில் கேட்டார். ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிட அது மானமாக இருந்தது.

நான் மலேசியாவில், கிள்ளானில் இருப்பவன். அங்கே பக்கத்தில் ஒரு சின்னப் பந்தய அணியில் வேலை. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஓட்டுகிற ஒற்றை இருக்கைக் கார்களை அவிழ்ப்பதும் பூட்டுவதும் என் பிழைப்பு. இந்தத் தொழிலில் ஒரு ஏணி இருக்கிறது. முதலில் கார்ட்டிங் என்கிற குட்டிக் கார்கள், பிறகு ஃபார்முலா ஃபோர், அதற்கு மேலே இன்னும் வேகமான கார்கள். ஒவ்வொரு படியிலும் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் அணியில் போன பருவம் ஃபார்முலா ஃபோர் ஓட்டி மூன்றாவதாக வந்தவள் ஆதிரா. பதினாறு வயது, மட்டாஞ்சேரிப் பெண். ஒன்பது வயதில் எறணாகுளத்தில் ஒரு வாடகை கார்ட்டிங் தடத்தில் விளையாட்டாக ஏறியவள். அங்கே பெரியவர்களை எல்லாம் தோற்கடித்து, தேசியப் போட்டி ஜெயித்து, திறமை தேடும் ஒரு தேர்வில் எடுக்கப்பட்டு எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

இப்போது அடுத்த படிக்கு இடம் கிடைத்திருந்தது. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குத் தாய், தகப்பன் இருவரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தகப்பன் போட்டுவிட்டார். தாய் போடவில்லை. யாராவது நேரில் வந்து பேசட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பதிவு முடிகிறது. அதற்குள் படிவம் போகாவிட்டால் அந்த இருக்கையில் வேறொரு பிள்ளை உட்கார்ந்துவிடும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, நீயும் தமிழ், அவர்களும் தமிழாம், போய்ப் பேசிவிட்டு வா என்றார். வெள்ளிக்கிழமை காலை நான் கொச்சியில் இருந்தேன்.

கொச்சங்காடியில் அவர்கள் வீடு இரண்டு சரக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவே இருந்தது. ஒன்றில் சுக்கு, இன்னொன்றில் என்னவென்று கடைசிவரை தெரியவில்லை. தெரு முழுக்க லாரி நின்றதால் ஆட்டோக்காரர் முனையிலேயே இறக்கிவிட்டார். நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே நுழைந்து போனேன். தும்மி முடிப்பதற்குள் வீடு வந்துவிட்டது.

ஆதிராவின் அம்மா செல்வி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். முன்னறையில் இரண்டு மெஷின், சுவர் நிறைய பிளவுஸ்கள். அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பமாம். பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே வருகிறது. என்னை உட்காரவைத்துச் சாயா கொடுத்தார். எங்கள் ஊர் தே தாரிக் டீ மாதிரி நுரைதான், ஆனால் இனிப்பு பாதிகூட இல்லை. பிறகு கப்பையும் மீன்கறியும் வந்தன. நாங்கள் மரவள்ளியைத் தேங்காய்ப்பாலில் போட்டு இனிப்பாகத் தின்கிறவர்கள். இவர்கள் அதற்குப் புளியும் மிளகாயும் கொடுக்கிறார்கள். காதுவரை எரிந்தது. மறுசோறு மாதிரி மறுகப்பை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் செல்வி படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள், ஒரு வரியும் விடாமல் என்றார். ஆதிரா கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் படித்தேன். நாலாவது வரியில் நின்றேன். அதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். வாய்விட்டுத் தமிழில் சொன்னது கிடையாது. இந்த விளையாட்டில் படுகாயமோ மரணமோ நேரக்கூடும் என்று அறிவேன், அப்படி நேர்ந்தால் யார் மீதும் வழக்குப் போட மாட்டேன் என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன்.

"இவ எனக்கு வாசிச்சப்ப அந்த வரியை விட்டுட்டா," என்றார் செல்வி. "அடுத்த வீட்டு டீச்சர் வாசிச்சப்பதான் மரணம்னு ஒண்ணு உண்டுன்னு அறிஞ்சேன். அங்க இவ காரை நோக்குறது ஆரு?"

நான்தான் என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். அந்தப் பார்வைக்குப் பிறகு என் சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டது.

சனிக்கிழமை ஆதிராவின் அப்பா முருகேசன் என்னைத் தன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். பள்ளுருத்தியிலிருந்து கலூர் போகிற தனியார் பஸ்ஸை ஓட்டுகிறார். ஊரைச் சுற்றிக் காட்டுவதாகத்தான் சொன்னார். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ், நடுவில் நாங்கள். முன்னால் போகிற பஸ் நிறுத்தத்தில் ஆளை அள்ளிவிட்டால் இவருக்கு ஆள் கிடைக்காது. பின்னால் வருகிறவன் முந்திவிட்டாலும் கிடைக்காது. ஆகவே மூன்று பேரும் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற வேகத்தில் ஓட்டினார்கள். தோப்பும்படிப் பாலத்தில் ஏறும்போது எதிரே லாரி வர, இவர் வெளியே எடுத்துப் பிறகு உள்ளே நுழைத்த அந்த நொடியில் என் உயிர் பாலத்துக்குக் கீழே போய்விட்டு வந்தது.

எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, இந்த டிரைவர் என்றால் ஆபீசுக்குத் தாமதமே ஆகாது என்றாள். இன்னொருத்தி, பாலம் வரும்போது மட்டும் நான் ஜெபம் சொல்லிவிடுவேன் என்றாள். எனக்கு அந்தப் பெண்மீது சொந்தக்காரப் பாசமே வந்துவிட்டது.

ஆதிரா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அச்சன் பிரேக் பிடிக்கிற எடம் பாத்தீங்களா அங்கிளே," என்று என் தோளைத் தட்டினாள். பார்த்தேன். அவள் எங்கள் தடத்தின் கடைசித் திருப்பத்தில் பிரேக் பிடிக்கிற அதே மாதிரி, இனி முடியாது என்று நாம் நினைத்துவிட்ட பிறகு பிடிக்கிறார். கலூர் ஸ்டாண்டில் இறங்கிச் சாயா குடித்தோம். படிவத்தைப் படித்துப் பார்த்தீர்களா என்று முருகேசனிடம் கேட்டேன். இல்லை என்றார். "நான் தினமும் வண்டி எடுக்குறேன். ஆரும் எனக்குக் கையெழுத்து ஒப்பிட்டுத் தரலியே," என்று சிரித்தார். அடுத்த ட்ரிப்புக்கு மணியடித்தது. நானும் ஆதிராவும் ஆட்டோவில் திரும்பினோம்.

அன்று மத்தியானம்தான் அது நடந்தது.

செல்வி நல்ல மனநிலையில் இருந்தார். மகளுடைய பந்தய உடையைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். நீல நிறம், கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணி. நெருப்புத் தாங்குகிற நூலில் மூன்று அடுக்காகத் தைத்தது. அதை என் மடியில் விரித்துப் போட்டு, இதில் என் கைவேலை எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே உடையை உள்பக்கம் திருப்பி இடுப்பைக் காட்டினார். சுற்றிலும் மூன்று விரல் அகலத்துக்குப் புதுத் துணி. வெளியே பார்த்தால் தெரியாதபடி அதே நீலம், அதே தையல். பருவத்தின் நடுவில் பரீட்சைக்கு ஊர் வந்தபோது மகள் வளர்ந்துவிட்டாளாம், உடை தோளில் பிடித்ததாம். அதனால் இடுப்பில் வெட்டி இரண்டு அங்குலம் கூட்டிவிட்டாராம். நிறம் பொருந்தும் துணிக்காக நாலு கடை ஏறி இறங்கினாராம்.

அந்தத் துணியைத் தொட்டதுமே தெரிந்தது, சாதாரண பாலியஸ்டர். நெருப்புப் பட்டால் அது எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மூன்று அடுக்கையும் சேர்த்து ஊசி போயிருந்தது. ஆதிரா பருவத்தில் பாதியை இதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. கடைசிப் பந்தய வாரத்தில், பயிற்சி முடிந்து கார் நாங்கள் வேலை செய்யும் பிட்டுக்குள் வந்து நின்றபோது எண்ணெய்க் குழாய் ஒன்று கசிந்து, சூடான புகைக்குழாய்மேல் சொட்டி, பின்னால் தீ பிடித்தது. ஆதிரா பெல்ட்டை அவிழ்த்துக் குதித்துவிட்டாள். நான் தீயணைப்பு சிலிண்டரை எடுத்து அடித்தேன். எல்லாம் சில நொடி. பிறகு அவள் என்னைப் பார்த்து, அங்கிள் முகம் வெளுத்துப் போச்சு என்று கிண்டல் செய்தாள். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. செல்வி அந்த மடிப்பை நீவிக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஆதிராவின் முதுகுக்கும் அந்தத் தீக்கும் நடுவே எத்தனை சாண் இருந்தது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் பின்னால் நின்ற ஆதிரா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் வேலை ரொம்ப நேர்த்தி என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதுவும் உண்மைதான். இத்தனை நேர்த்தியாக இல்லாமல் இருந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

அவள் தெருமுனைவரை கூடவே வந்தாள். புது உடை கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் வளர்ந்துவிட்டேன் என்று தெரிந்துவிடும், இனி காருக்குள் அடங்க மாட்டாள் என்று வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேன் என்றாள். தடத்தில் எதற்கும் அஞ்சாத பெண்ணுக்குத் தன் உயரத்தைக் கண்டு பயம்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அங்கிளே. தீ பிடிச்சதும் சொல்லாதீங்க. அறிஞ்சா ஒப்பிட மாட்டா. என் சீட் போயிடும். புதுக் காருக்குப் புது சூட் தருவாங்கல்ல, பின்ன என்ன?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. புது உடை வரும். பழையது அலமாரிக்குப் போகும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சாயங்காலம் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பழம்பொரி வாங்கினேன். ஒரு கடி கடித்ததோடு சரி. எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் ஓட்டுநரின் தலைக்கவசம், உடை, கையுறை எல்லாம் விதிப்படி இருக்கிறதா என்று அணி ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் அணியில் அதை எழுதுகிறவன் நான். கழுத்துப்பட்டையில் இருக்கும் முத்திரைச் சீட்டைப் பார்ப்பேன், டிக் போடுவேன், கையெழுத்துப் போடுவேன். பரீட்சை முடிந்து அவள் திரும்பி வந்த அன்று, புது சூட்டா, பொருத்தமாக இருக்கிறதே என்றுகூடக் கேட்டேன். அவள் சிரித்தாள். நான் டிக் போட்டேன்.

உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன், பயப்பட வேண்டிய ஒரே இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை நினைத்தபோது விமானப் பயமெல்லாம் எனக்கு வெறும் வேஷமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை புட்டும் கடலைக்கறியும் வைத்தார்கள். முருகேசன் வண்டிக்குப் போய்விட்டார். நான் புட்டை உதிர்த்துக்கொண்டே இருந்தேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்து படிவத்தை மெஷின் பலகையில் வைத்தார். ராத்திரி முழுக்க யோசித்ததாகவும், மறைக்காமல் அந்த வரியைப் படித்த ஆள் இருக்கிற இடம்தானே என்று தைரியம் வந்ததாகவும் சொன்னார். பேனாவைத் திறந்தார். ஆதிராவின் முகம் மலர்ந்துவிட்டது.

நான் இரண்டு நொடி சும்மா இருந்தால் போதும். வந்த காரியம் முடிந்துவிடும்.

"பொறுங்கம்மா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அந்த இடுப்புல வச்ச துணியில மிச்சம் இருக்கா?"

இருக்கிறது என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. துணி வேலை செய்கிறவர்களுக்கு என் முகத்தைப் பார்த்தே ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். வெட்டுத்துண்டுப் பையில் தேடி அந்த நீலத் துண்டை எடுத்தார். அத்தோடு உடையின் உள்மடிப்பிலிருந்து வெட்டி வைத்திருந்த பழைய துணியின் துண்டு ஒன்றையும் எடுத்தார். பட்டு என்று யாராவது கொண்டுவந்தால் ஒரு நூலைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பது அவர் தொழிலில் வழக்கம். தீப்பெட்டியை அவரே கொண்டுவந்து அவரே கிழித்தார்.

பழைய துணி கறுத்தது, நுனி சுருங்கியது, தீக்குச்சியை எடுத்ததும் அணைந்தது. புதுத் துணி சுருண்டு, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் எரிந்துகொண்டே இருந்தது. செல்வி அதைச் செருப்பால் மிதித்து அணைத்தார். பிளாஸ்டிக் கருகும் வாடை அறையில் நின்றது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தீப்பிடித்ததைச் சொன்னேன். தாளில் டிக் போட்டவன் நான்தான் என்றும் சொன்னேன். அவர் அழவில்லை. கையில் வந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து, அந்த உடையைக் கழுத்துப் பட்டையிலிருந்து கீழே இடுப்புவரை, இடுப்பிலிருந்து கால்வரை இரண்டாக வெட்டினார். நல்ல துணியையும் சேர்த்துத்தான். எங்கள் தொழிலிலும் கழித்துக்கட்டிய தலைக்கவசத்தை இப்படித்தான் உடைத்துப் போடுவோம், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று. வெட்டும்போது அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மகளை நான் கொன்றிருப்பேனே என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது.

ஆதிரா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எல்லாம் கெடுத்துட்டீங்க அங்கிளே என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

செல்வி கத்தரிக்கோலை வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க ஒரு வார்த்தை மிண்டாம இருந்திருந்தா நான் ஒப்பிட்டிருப்பேன். அது தெரிஞ்சும் எதுக்குச் சொன்னீங்க?"

"பயமா இருந்துச்சும்மா. சொல்லாம இருந்தா, ஒவ்வொரு தடவையும் அவ கார்ல ஏறும்போது எனக்கு அந்த இடுப்புதான் தெரியும்."

வெளியே கிட்டங்கியில் மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று நினைத்தேன். அப்போது அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஸ்கேலை வைத்து, தாய் என்று அச்சடித்திருந்த இடத்துக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டார். அதை என் பக்கம் திருப்பினார்.

"இவளுக்குப் பயமும் பேடியும் இல்ல. இவ அச்சனுக்கும் இல்ல. வீட்டுல பேடிச்சிட்டு இருக்குறது நான் ஒருத்திதான். அங்கேயும் ஒரு ஆள் பேடிச்சிட்டு நிக்கணும். முதல்ல நீங்க ஒப்பிடுங்க."

மெக்கானிக் கையெழுத்துப் போட இந்தத் தாளில் இடமே கிடையாது, முதலாளி திட்டுவார், அதிகாரிகள் சிரிப்பார்கள் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பேனாவை வாங்கி நாலாவது வரியை மறுபடி படித்தேன். மூன்று நாளாக இன்னொருவரைப் போடச் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருந்த கையெழுத்து இதுதான். போட்டேன். கோணல் மாணலாக, பள்ளிப் பையன் எழுதியது மாதிரி இருந்தது.

செல்வி அதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதற்குக் கீழே தன் பெயரை மலையாளத்தில் எழுதினார். தாளை மடித்துக் கொடுத்தவர், நான் பிடித்த பிறகும் தன் விரலை எடுக்கவில்லை.

"மோள் இனியும் வளருவா அண்ணே," என்றார். "அப்பப்ப அளவெடுத்து எனக்குச் சொல்லணும். தைக்குறதுக்கு இல்ல. அறியுறதுக்கு."